தவணை கட்ட முடியவில்லை: அரசு நிவாரணமா, வங்கியா, விற்பனையா?

வேலை போய்விட்டது. அல்லது வியாபாரம் படுத்துவிட்டது. அல்லது வீட்டில் ஒருவருக்குப் பெரிய வைத்தியச் செலவு. இரண்டு மாதமாக வீட்டுக் கடன் ஈ.எம்.ஐ. கட்டவில்லை. இந்தக் கட்டத்தில் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "கவர்ன்மென்ட்ல இதுக்கு ஏதாச்சும் ஸ்கீம் இருக்கா?" என்பதுதான். யூடியூபில் தேடினால் வீடியோக்களுக்குக் குறைவில்லை. பார்த்து முடிப்பதற்குள் மூன்றாவது தவணையும் தாண்டிவிடும்.

நேராகச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் அரசின் வீட்டு உதவி ஏறக்குறைய முழுவதும் வீடு வாங்குபவருக்கும் கட்டுபவருக்கும்தான். வாங்கிய வீட்டைக் காப்பாற்றிக்கொள்ளத் தவிப்பவருக்கென்று நிரந்தரத் திட்டம் கிடையாது. நெருக்கடிக் காலத்தில் எப்போதாவது வருவதும் பணமாக வருவதில்லை, அவகாசமாக வருகிறது. அவகாசம் கெட்டது என்று சொல்ல வரவில்லை. ஆனால் அதற்கும் விலை உண்டு. அந்த விலையைத் தெரிந்துகொண்டு, மற்ற வழிகளோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

முதலில் மானியத் திட்டங்கள். பிரதமர் வீட்டு வசதித் திட்டம் 2015 ஜூனில் நகர்ப்புறத்துக்கு வந்தது. அதில் குறைந்த வருமானப் பிரிவினருக்கு 6 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு 6.5 சதவீத வட்டி மானியம், அதிகபட்சம் 2.67 லட்சம் மொத்தமாக அசலில் கழிந்தது. வாங்கியவர்களுக்கு அது நிஜமாகவே பெரிய உதவி. நடுத்தர வருமானத்தினருக்கான பிரிவு 2021 மார்ச்சோடும், குறைந்த வருமானத்தினருக்கானது 2022 மார்ச்சோடும் முடிந்துபோயின. இப்போது இருப்பது 2024 செப்டம்பர் 1 அன்று தொடங்கிய இரண்டாம் கட்டம். குடும்ப ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள், வீட்டு விலை 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருந்தால், முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத மானியம். அதிகபட்சம் 1.80 லட்சம், அதுவும் ஐந்து ஆண்டுத் தவணைகளாக.

இதில் கவனிக்க வேண்டியது தொகையை அல்ல, நிபந்தனைகளை. குடும்பத்தில் யார் பெயரிலும் நாட்டில் எங்கேயும் பக்கா வீடு இருக்கக் கூடாது. கடன் 2024 செப்டம்பர் 1 அன்றோ அதற்குப் பிறகோ வாங்கியதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு ஆண்டும் மானியம் வரும்போது கடன் கணக்கு நடப்பில் இருக்க வேண்டும். அதாவது, ஏற்கெனவே வீடு வைத்துக்கொண்டு திணறுபவர் உள்ளே நுழையவே முடியாது. உள்ளே இருப்பவர் திணற ஆரம்பித்தால் மானியமும் அவரை விட்டுப் போகும். கிராமத்துக் 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் 3.5 லட்சம் தருகிறார்கள். அது குடிசையைக் கான்கிரீட் வீடாக்க. கடனுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

வருமான வரிச் சலுகையையும் நிவாரணக் கணக்கில் சேர்ப்பவர்கள் உண்டு. பழைய வரி முறையில் குடியிருக்கும் வீட்டின் வட்டிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் வரை கழிக்கலாம். புதிய முறையில் அது இல்லை. எப்படியிருந்தாலும், சம்பளமே இல்லாதவருக்கு வரிச் சலுகை எதற்கு?

ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. தமிழ்நாடு வீட்டுவசதி வாரியத்தில் தவணை முறையில் வீடோ மனையோ ஒதுக்கீடு பெற்றவர்களுக்கு, தவறிய தவணை மீதான அபராத வட்டியைத் தள்ளுபடி செய்து அரசு அவ்வப்போது ஆணை போடும். நிலுவையை மொத்தமாகக் கட்டிப் பத்திரத்தை வாங்கிக்கொள்ளலாம். வாரிய ஒதுக்கீட்டாளராக இருந்தால் முதலில் கோட்ட அலுவலகத்தில் போய் விசாரியுங்கள். வங்கிக் கடன்காரருக்கு இது பொருந்தாது. அடுத்த வீட்டுக்காரருக்குத் தள்ளுபடி கிடைத்தது, நமக்கும் வரும் என்று வங்கிக் கடனை இழுத்தடிப்பவர்களைப் பார்த்தால்தான் கவலையாக இருக்கிறது.

அடுத்து, 2020-இல் வந்த தவணை ஒத்திவைப்பு. சமீப காலத்தில் வீட்டுக் கடன்காரர்களுக்குக் கிடைத்த ஆகப்பெரிய நிவாரணம் அதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ரிசர்வ் வங்கி மார்ச் 27 அன்று மூன்று மாத ஒத்திவைப்பை அனுமதித்தது. மே மாதத்தில் ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. ஆறு மாதம் தவணை கட்டாவிட்டாலும் வாராக் கடன் ஆகாது, கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் மதிப்பெண் கெடாது. ஆனால் வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 லட்சம் கடன், 8 சதவீத வட்டி, 20 ஆண்டு. தவணை ஏறத்தாழ 25,100 ரூபாய். கடன் தொடங்கிய புதிதிலேயே ஆறு மாதம் கட்டவில்லை என்று வையுங்கள். மாதம் 20,000 வீதம் வட்டி சேர்ந்து, வட்டிக்கு வட்டியும் சேர்ந்து, அசல் 31.22 லட்சமாகிவிடும். தவணைத் தொகையை மாற்றாமல் அப்படியே கட்டினால் 240 தவணையில் முடிய வேண்டிய கடன் 266 தவணைக்கு இழுக்கும். ஆறு தவணை, அதாவது ஒன்றரை லட்சம், கையில் நின்றது. கடைசியில் கூடுதலாகக் கட்டுவது 26 தவணை, ஆறரை லட்சத்துக்கும் மேல்.

பிறகு இந்த ஒத்திவைப்புக் கால வட்டியை எதிர்த்து வழக்கு உச்ச நீதிமன்றம் போயிற்று. 2 கோடி வரையிலான கடன்களுக்கு 'வட்டிக்கு வட்டி'யை அரசே ஏற்கும் என்று 2020 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. தலைப்புச் செய்தியாக ஓடிய அறிவிப்பு. நம் உதாரணக் கடனுக்கு அதில் எவ்வளவு தேறும் தெரியுமா? ஆறு மாதக் கூட்டு வட்டி 1,22,000 சொச்சம். தனி வட்டி 1,20,000. வித்தியாசம் சுமார் 2,000 ரூபாய். அரசு தந்தது அந்த 2,000. மீதி 1,20,000 கடன்காரர் தலையில்தான்.

அப்படியானால் ஒத்திவைப்பு ஏமாற்று வேலையா? இல்லை. ஊரடங்கு முடிந்து வேலைக்குத் திரும்பியவருக்கு அது வீட்டைக் காப்பாற்றிக் கொடுத்தது. சம்பளம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தும், "எதுக்கும் இருக்கட்டும்" என்று ஒத்திவைப்பைப் போட்டவர்தான் வீணாக நட்டப்பட்டார்.

உண்மையான நிவாரணம் எப்படி இருக்கும் என்பதற்கு அமெரிக்காவில் இரண்டு மாதிரிகள் இருக்கின்றன. 2008 நெருக்கடிக்குப் பிறகு ஒபாமா அரசு கடன் நிபந்தனைகளை மாற்றித் தரும் திட்டம் ஒன்றை 2009-இல் அறிவித்தது. தவணையை வருமானத்தின் 31 சதவீதத்துக்குக் கொண்டுவருவது நோக்கம். 30 முதல் 40 லட்சம் குடும்பங்கள் இலக்கு. தவணை வசூலிக்கும் நிறுவனங்கள் வழியாகவே அதை நடத்தியதால், அனுப்பிய காகிதத்தையே திரும்பத் திரும்பக் கேட்டு இழுத்தடித்தார்கள் என்ற புகார் குவிந்தது. இலக்கை எட்டவே இல்லை. 2021-இல் வேறு மாதிரி செய்தார்கள்: சுமார் 1,000 கோடி டாலரை மாகாணங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, தவறிய தவணைகளுக்கான பணத்தைக் கடன்காரர் சார்பில் நேரடியாகக் கட்ட வழி செய்தார்கள். நிலுவையை அரசே கட்டுவது என்ற இந்த இரண்டாவது வகை நம்மிடம் இல்லை. ஓரளவு நெருங்கி வருவது, பாதியில் நின்ற அடுக்குமாடித் திட்டங்களை முடிக்க 2019-இல் தொடங்கிய ஸ்வாமி நிதி. ஈ.எம்.ஐ.யும் கட்டி வாடகையும் கட்டித் தவித்தவர்களில் பலருக்கு அதனால் சாவி கிடைத்தது. ஆனால் அந்தப் பணம் போவது கட்டுமான நிறுவனத்துக்கு. உங்கள் கணக்குக்கு அல்ல.

ஆக, கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது வங்கிதான்.

இங்கே நாள் கணக்கு முக்கியம். தவணை தவறிய நாளிலிருந்து 30, 60, 90 என்று வங்கி எண்ணுகிறது. 90 நாள் தாண்டினால் வாராக் கடன். அதற்குப் பிறகு ஒரு தவணை, இரண்டு தவணை என்று கட்டிச் சரிக்கட்ட முடியாது. மொத்த நிலுவையும் கட்டினால்தான் கணக்கு பழைய நிலைக்குத் திரும்பும் என்று ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. 80-ஆம் நாளில் இரண்டு தவணைக்குப் பணம் புரட்டுவதும் 95-ஆம் நாளில் அதே பணத்தைப் புரட்டுவதும் ஒன்றல்ல.

மேனேஜரிடம் போய், "கஷ்டத்தில் இருக்கிறேன், கடனை மாற்றியமைத்துத் தாருங்கள்" என்று கேட்டால் பெரும்பாலும் மழுப்புவார். அவரைத் திட்டிப் பயனில்லை. கடன்காரரின் நிதிச் சிரமத்தைக் காரணம் காட்டி நிபந்தனைகளை மாற்றினால், அந்தக் கணக்கை உடனே வாராக் கடனாக வகைப்படுத்த வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2019 விதி. கொரோனா காலத்தில், 2020 ஆகஸ்டிலும் 2021 மே மாதத்திலும், இந்த விதிக்குத்தான் விலக்குக் கொடுத்தார்கள். இரண்டு ஆண்டு வரை காலத்தை நீட்டலாம், வாராக் கடனாகாது என்று. என் கணக்கில் அந்த இரண்டு சுற்றறிக்கைகள்தான் 2,000 ரூபாய் மானியத்தைவிடப் பெரிய நிவாரணம். பேசியவர்கள் குறைவு.

இன்று அந்த விலக்கு இல்லாத நிலையில், தவணை தவறுவதற்கு முன்னால் போனால் வேறு கதவுகள் திறந்திருக்கும். மிதக்கும் வட்டிக் கடனில், அதாவது சந்தையோடு வட்டி ஏறி இறங்கும் கடனில், வட்டி மாறும்போது தவணையை மாற்றுவதா, காலத்தை மாற்றுவதா என்று கடன்காரரைக் கேட்க வேண்டும் என்கிறது 2023 ஆகஸ்ட் சுற்றறிக்கை. 2025 பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் இடையில் மட்டும் ரெப்போ வட்டி, அதாவது ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி, 6.5-லிருந்து 5.5 சதவீதத்துக்கு இறங்கியது. பல வங்கிகள் இப்படி இறங்கும்போது தவணையை அப்படியே வைத்துக் காலத்தைக் குறைத்துவிடும். நல்ல காலத்தில் அது நல்லதுதான். கையில் காசில்லாதபோது, "காலம் அப்படியே இருக்கட்டும், தவணையைக் குறையுங்கள்" என்று எழுதிக் கொடுங்கள். 30 லட்சம், 20 ஆண்டுக் கடனில் 9 சதவீதம் 8 ஆனால் தவணை மாதம் 1,900 ரூபாய் குறையும். பழைய முறையில் வட்டி ஓடிக்கொண்டிருந்தால், சிறு கட்டணம் கட்டி ரெப்போவோடு இணைந்த கடனாக மாற்றிக்கொள்ளலாம். வேறு வங்கிக்கு டேக் ஓவர் கொடுப்பதும் ஒரு வழி. தனிநபரின் மிதக்கும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைக்க அபராதம் கிடையாது. ஆனால் டேக் ஓவருக்கு சிபில் சுத்தமாக இருக்க வேண்டும். முதல் மாதத்தில் நடக்கும் இந்த வேலை மூன்றாவது மாதத்தில் நடக்காது.

காலத்தை நீட்டினால் எவ்வளவு மிச்சம்? அதே 30 லட்சக் கடனில் ஐந்து ஆண்டு கட்டிவிட்டீர்கள், பாக்கி சுமார் 26.26 லட்சம். மிச்சமுள்ள 15 ஆண்டை 20 ஆக்கினால் தவணை 25,100-லிருந்து 22,000-க்கு இறங்கும். மாதம் மூவாயிரம் சொச்சம் மிச்சம். மொத்தத்தில் ஏழரை லட்சம் கூடுதல் செலவு. ஐயாயிரம் பத்தாயிரம் துண்டு விழுபவருக்கு, வட்டிக் குறைப்பையும் இதையும் சேர்த்து ஓரளவு சமாளித்துவிடலாம். வருமானமே நின்றுபோனவருக்கு 25,000 என்ன, 22,000 என்ன?

நடுவில் ஒரு வழியை நிறையப் பேர் யோசிக்காமலே எடுத்துவிடுகிறார்கள்: நகையை அடகு வைத்துத் தவணை கட்டுவது, நகை தீர்ந்ததும் பர்சனல் லோன், அதுவும் தீர்ந்ததும் மீட்டர் வட்டி. எட்டு ஒன்பது சதவீதக் கடனைக் காப்பாற்ற அதைவிட வட்டி கூடிய கடனை வாங்கும் வேலை இது. வருமானம் எந்த மாதம் திரும்பும் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் நகைக் கடன் சரி. பி.எஃப்.பில் பணம் இருந்தால் வீட்டுக் கடனுக்காக எடுக்க வழியுண்டு. வட்டி கொடுக்கத் தேவையில்லாத பணம், முதலில் அதைப் பார்க்கலாம். கந்துவட்டி பக்கம் மட்டும் போகவே வேண்டாம். அதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் போட்டாயிற்று; வாங்கியபின் அந்தச் சட்டத்தைத் தேடி ஓடும் நிலை யாருக்கும் வர வேண்டாம்.

சரி, 90 நாளும் தாண்டிவிட்டது. நீதிமன்றம் போகாமலே வங்கி பிணைச் சொத்தை எடுத்து விற்க வழிசெய்யும் சர்ஃபாசி சட்டத்தின்படி 60 நாள் நோட்டீஸ் அனுப்பும். அதற்கு நீங்கள் ஆட்சேபம் எழுதினால் 15 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். 60 நாள் முடிந்ததும் வீட்டைக் கையகப்படுத்தியதாகக் கதவில் நோட்டீஸ் ஒட்டி, இரண்டு நாளிதழ்களில் விளம்பரம் கொடுப்பார்கள்; ஒன்று உள்ளூர் மொழியில். ஊருக்கே தெரிவது அன்றுதான். அதிலிருந்து 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நம் மாநிலத்தில் சென்னை, மதுரை, கோவையில் இருக்கிறது. நோட்டீஸில் தவறு, தொகையில் தவறு என்று வலுவான காரணம் இருந்தால் போவதில் அர்த்தமுண்டு. வெறுமனே நாள் கடத்தப் போனால், பணம் கட்டச் சொல்லி நிபந்தனையோடுதான் பெரும்பாலும் தடை கிடைக்கும். அந்தப் பணம் இருந்திருந்தால் தவணையே கட்டியிருக்கலாம். முழு நிலுவையையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமை ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான் என்பதை உச்ச நீதிமன்றம் 2023 செப்டம்பரில் உறுதிசெய்துவிட்டது. ஏலம் நடக்கும் நாள் வரை அவகாசம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வங்கி ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து, மீதியை மொத்தமாக வாங்கிக் கணக்கை முடிக்கும் 'ஒன் டைம் செட்டில்மென்ட்' பற்றியும் ஏகப்பட்ட நம்பிக்கை உலவுகிறது. அதை உரிமையாகக் கேட்க முடியாது என்று 2021 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. வங்கியின் பக்கம் இருந்து யோசியுங்கள்: 26 லட்சம் கடனுக்கு 45 லட்சம் பெறும் வீடு பிணையாக இருக்கும்போது எதற்காகத் தள்ளுபடி கொடுக்கப் போகிறார்கள்? வீட்டு மதிப்பு கடனைவிடக் குறைந்துபோன, பல ஆண்டு பழைய வாராக் கடன்களுக்குத்தான் இது நடைமுறையில் கிடைக்கிறது. கிடைத்தாலும் சிபிலில் 'செட்டில்டு' என்று நிற்கும். அடுத்த கடன் வாங்கும்போது அது தெரியும்.

கடைசியாக, யாரும் பேச விரும்பாத வழி: நாமே விற்பது. "சொந்த வீட்டை வித்துட்டான்" என்ற பேச்சுக்குப் பயந்து ஏலம் வரை போகிறவர்கள் அதிகம். ஏலத்தில் வாங்க வருகிறவர் மலிவு விலைக்காகத்தான் வருகிறார். அதில் கடனுக்கு மேல் வந்தால் மிச்சம் உங்களுக்கு. குறைந்தால் பாக்கி உங்கள் தலையில். நாமே விற்றால் விலை பேச நேரம் இருக்கிறது, சிபிலும் தப்பிக்கிறது. ஓராண்டுக்குள் வருமானம் திரும்பும் என்று நியாயமான நம்பிக்கை இல்லையென்றால், என் வாக்கு இதற்குத்தான். அதையும் 60 நாள் நோட்டீஸ் வருவதற்கு முன்பே தொடங்க வேண்டும். வங்கி விளம்பரம் கொடுத்த வீட்டுக்குச் சந்தை விலை கேட்க யாரும் வரமாட்டார்கள்.

கடனில் இருக்கும் வீட்டை விற்க முடியாது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விற்கலாம். பாக்கித் தொகைக் கடிதமும் வங்கியிடம் இருக்கும் பத்திரங்களின் பட்டியலும் எழுதி வாங்குங்கள். வாங்குபவரோ அவருடைய வங்கியோ பாக்கியை நேரடியாக உங்கள் கடன் கணக்கில் கட்டட்டும், மீதி உங்களுக்கு. ஒரு பொறி உண்டு. விற்ற பணத்தில் கடனை அடைத்தாலும், மூலதன ஆதாய வரி போடும்போது அந்தத் தொகை கழியாது. வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் வரி. இரண்டு ஆண்டுக்குள் விற்றால் உங்கள் வருமான வரி அடுக்கின்படி; அதற்கு மேல் என்றால் 12.5 சதவீதம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடாக இருந்தால், பணவீக்கச் சரிக்கட்டலோடு 20 சதவீதம் போட்டுப் பார்த்து எது குறைவோ அதைக் கட்டலாம். விலை பேசும் முன்பே ஆடிட்டரிடம் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

கடன் முழுவதும் அடைந்ததும் 30 நாளுக்குள் வங்கி அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். வங்கியால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பது 2023 டிசம்பர் முதல் நடப்பில் இருக்கும் விதி. பத்திரத்தோடு, அடமானத்தைப் பதிவு செய்த எம்.ஓ.டி.க்கு ரத்து ரசீதும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாக வேண்டும். அது பதிவாகாவிட்டால் வில்லங்கச் சான்றில் கடன் இன்னும் நிற்பதாகவே காட்டும். வாங்குபவர் அங்கேயே நின்றுவிடுவார்.